தானே பறந்த விமானம்

எண்பதுகளில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வீடியோ கேம் பெட்டிகள் கொண்டுவந்திருந்தவர், கழுத்தில் சிவப்புத் துண்டும் மூக்கு நுனிவரை இறங்கிய கண்ணாடியுமாக இருந்தார். திரையில் எந்த இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் கூட்டத்துக்குக் கூவி அர்த்தம் சொல்வது அவர் வழக்கம்.

“லைஃப்னா உசுரு, மூணு தருவோம்! போனஸ்னா தலதீவாளிச் சீரு, கேக்காமலே வரும்! கேம் ஓவர்னா எந்திரிச்சு அடுத்தாளுக்கு வழி விடணும்!”

நான் பி.காம். எனக்கெதற்கு அர்த்தம்? புது மனைவியை அருகில் நிறுத்திக்கொண்டு, ஆளில்லாத ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினேன். விமானம் பறந்தது, குண்டுகளுக்குத் தப்பியது, எதிரிகளைச் சுட்டுத் தள்ளியது. இதெல்லாம் எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்துக்கொண்டேன். வியர்வை துடைக்கக் கையை எடுத்தேன். விமானம் முன்னைவிட நன்றாகப் பறந்தது.

அப்போதுதான் உறைத்தது. காசு போடாத பெட்டி, கூட்டத்தை இழுக்கத் தானாகவே ஆடிக்காட்டும். நான் அவசரமாகக் கைப்பிடியை மறுபடி பிடித்ததை அவர் பார்த்துவிட்டார்.

“அங்கன டெமோன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னண்ணே?” என்று அவரிடம் கேட்டாள் மனைவி.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அதுவா தங்கச்சி? பெரிய ஆளுக வெளையாண்டாகன்னா மட்டும் வர்ற எழுத்து” என்றார். அதை மட்டும் அவர் கூவவில்லை.

போடி பஸ்ஸில் ஊர் நெருங்கும்போது மனைவி சொன்னாள்: “நல்ல மனுசன்தேன் அந்த அண்ணன். நீங்க காசே போடலைன்னு கடைசிவரைக்கும் சொல்லலையே.”