உத்தரம் இல்லாத வீடு

மலையாளச் சீமையில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டில் எல்லாம் இருந்தது. தூளி கட்ட ஓர் உத்தரம் மட்டும் இல்லை. ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து மச்சு போட்டிருந்தார்கள். ஒரு கொக்கி அடித்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரி பாருக்குட்டியம்மாவிடம் கேட்டேன். "தேக்குப் பலகையில் ஆணியோ! வேண்டா, வேண்டா. குஞ்ஞைப் பாயில் கிடத்திக்கோ" என்று பதறிவிட்டார். எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் பிள்ளை பிறக்கும் முன்பே பழஞ்சேலைத் தூளி உத்தரத்தில் தொங்கும். இங்கே என் பிள்ளை தரையில் கிடந்தது.

பேறுகாலத்துக்கு ஊருக்குப் போகும் முன்பே, ஒரு மாதம் முந்திக்கொண்டு பிறந்தவள் என் மகள் கோமதி. அம்மா காலொடிந்து ஊரில் கிடந்தாள். துணைக்கு யாரும் இல்லை. வெளியே விடாமல் மழை. எத்தனை துணி சுற்றினாலும் பிள்ளையின் பாதம் சில்லென்றே இருந்தது. நாலு வாய் குடிப்பாள், சோர்ந்துவிடுவாள். இவள் எனக்குத் தங்கமாட்டாளோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

வித்துரா மலைப்பக்கத்திலிருந்து கூவைக்கிழங்கு மாவு விற்க வருகிற நீலி ஒருநாள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பிள்ளை அவள் மார்பிலேயே துணிக்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. "தணுப்பாணு, அம்மே. நெஞ்சோட கெட்டிக்கோ. முகம் மூடண்டா" என்றவள், குளிருக்கு இதுதான் மருந்து என்பதுபோல் என் நூல்சேலை ஒன்றை வாங்கித் தோளிலும் இடுப்பிலும் சுற்றி முடிச்சிட்டுக் காட்டினாள்.

அன்றிலிருந்து நானே உத்தரமானேன். அடுப்படி வேலைக்கு மட்டும் இறக்கிவிடுவேன். மற்றபடி கோலம் போடுவது, துணி மடிப்பது, அரிசி புடைப்பது எல்லாம் அவளைச் சுமந்தபடிதான். என் உடம்புச் சூட்டில் அவள் பாதம் வெதுவெதுப்பானது. வாய் சப்புவது எனக்கு உடனே தெரிந்ததால், அழுது களைக்கும் முன்பே பால் கொடுத்தேன். இரண்டு கையும் எனக்கு மிச்சம். பாருக்குட்டியம்மா மட்டும் "இதென்னொரு பாண்டிப் பழக்கம்!" என்று மூக்கில் விரல் வைத்தார். தமிழர்கள் எல்லாரும் அங்கே பாண்டிகள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படியே பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். சிதறுகாய் உடைக்கும் இடத்துக்கு அருகே நின்றபோது ஓர் அம்மாள் அரைமூடித் தேங்காயை என் கையில் வைத்து, "பாவம், குஞ்ஞிக்கு வல்லதும் கொடு" என்று நகர்ந்தார். சேலையில் பிள்ளையைக் கட்டியவளைப் பிச்சைக்காரி என்றல்லாமல் அவர் வேறு எப்படி நினைப்பார்? இதைக் கேட்டதும், சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவான என் கணவருக்கு மானமே போயிற்று.

"ஏளா, இதை அவுத்துப் போடு. நாளைக்கு நான் ஆபீஸ்ல தலைநிமிந்து நடக்க வேண்டாமா?"

"அவ பாதத்தைத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன், எரிச்சலோடு.

தொட்டார். விரலை எடுக்கவே இல்லை. அந்தத் தேங்காயில் அன்று துவையல் அரைத்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆறாம் மாதம் தம்பானூரில் ரயிலேறி, செங்கோட்டை வழியாக ஊருக்குப் போனோம். கோமதிக்கு அப்போது தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. அம்மா நொண்டிக்கொண்டே வந்து வாங்கி, தன் பழஞ்சேலையில் ஆசையாகக் கட்டி வைத்திருந்த தூளியில் போட்டாள். நான் ஏங்கிய அதே தூளி, அதே உத்தரம். பிள்ளை வீடு அதிர வீரிட்டது. அம்மா ஆட்டினாள், பாடினாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் நான் தூளியை அவிழ்த்து, அந்தச் சேலையாலேயே மகளை மார்போடு கட்டிக்கொண்டேன். இரண்டு விம்மலில் அடங்கிவிட்டாள்.

"இது என்னட்டி, மலையாளத்துப் பழக்கம்?" என்றாள் அம்மா. குரலில் வருத்தம் இருந்தது.

அங்கே இதைப் பாண்டிப் பழக்கம் என்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மேலே உத்தரம் வெறுமையாக இருந்தது. அம்மாவின் சேலைக்குள், என் நெஞ்சில் கன்னம் பதித்து, கோமதி தூங்கிக்கொண்டிருந்தாள்.