திருத்தங்கலில் திறந்த பெல்ஜியம் பாட்டில்

காலை 5.40. ரயில் என்னை விருதுநகரில் இறக்கிவிட்டபோது என் தோள்பையில் மூன்று பாட்டில் பீர் இருந்தது. சும்மா பீர் இல்லை. பெல்ஜியத்துக் கிராமம் ஒன்றில் அப்பாவும் மகளுமாகக் காய்ச்சும் ஏல் வகை. சென்னையில் இறக்குமதிச் சரக்குக் கடையில் ஒன்று 520 ரூபாய். நாற்பத்தாறு வயதில் இந்தப் பையோடு ஊர் ஊராகப் போகிறேன் என்று என் மாமியாருக்குத் தெரியாது. அச்சு ஆர்டர் பிடித்துக் கொடுப்பது என் வேலை. அந்த பீர் ஆலைக்காரர்கள் இனி லேபிளை இந்தியாவில் அடிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். புது லேபிளை ஒட்டிச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பழைய லேபிளை வீட்டிலேயே உரித்துவிட்டுக் கிளம்பினேன்.

7.15. திருத்தங்கலுக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ் டிக்கெட் இருபது ரூபாய். கண்டக்டர் பையையே பார்த்தார்.

"என்னம்மா, உள்ள கிணுகிணுங்குது?"

"கண்ணாடிச் சாமான்."

"அப்ப மடியில வச்சுக்கிடுங்க. ரோடு அம்புட்டு நல்லால்ல."

ரோட்டின் மேல் ஒரு குறையும் இல்லை, டிரைவர்தான் பறந்தார். மூன்று பாட்டிலையும் கட்டிப்பிடித்தபடி போய்ச் சேர்ந்தேன்.

8.30. அச்சகத்தின் முதலாளி ராஜமணி அண்ணாச்சி, "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரவே சொன்னார். பொங்கலோடு காலண்டர் சீசன் முடிந்து, பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. தாள் வெட்டும் மெஷினில் முத்துமாரி நின்றாள். முப்பது வயதிருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆறு வருடம் பட்டாசுக்குக் குழாய் உருட்டியவள், சீசனுக்கு மட்டும் இங்கே வந்திருந்தாள்.

"இந்த ஆர்டர் கெடச்சா வருசம் பூரா வேலை இருக்கும், இவளையும் நிரந்தரமாப் போட்டுருவேன்" என்றார் அண்ணாச்சி. "இல்லேன்னா திங்கக்கெழம பழையபடி பட்டாசுக்குத்தான் போவா."

முத்துமாரி அடுத்த கட்டுத் தாளை மெஷினுக்குள் தள்ளினாள்.

9.00. பெல்ஜியத்து மதுக்கடைகளில் பாட்டிலை ஐஸ் வாளிக்குள் போட்டுத்தான் வைப்பார்களாம். அதனால் லேபிள் நான்கு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் தாங்க வேண்டும் என்பது ஆலையின் நிபந்தனை. அண்ணாச்சி முன்பே அடித்து வைத்திருந்த மாதிரி லேபிளை முதல் பாட்டிலில் ஒட்டி வாளியில் இறக்கினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டன.

"நம்ம ஊர்ல தண்ணி படாத சாமானுக்குத்தான லேபிள் அடிச்சுப் பழக்கம்" என்றார் அண்ணாச்சி. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர், எல்லாமே ஈரம் ஆகாத சரக்கு. இது முன்பே ஏன் என் மண்டையில் உறைக்கவில்லை என்று எனக்கு என் மேலேயே எரிச்சல்.

முத்துமாரி அந்த நனைந்த லேபிளை உரித்து, காய்ந்த லேபிள் ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தாள். நனைந்தது அகலத்தில் கூடியிருந்தது.

"தப்பு என்னுதுக்கா. தாளு ஒரு பக்கமா லேசா வளையும், மறுபக்கம் முரண்டு பண்ணும். வெடிக்குழாய்க்கு லேசா வளையுற வாட்டத்துலதான் வெட்டுவோம். அதே பழக்கத்துல இதையும் வெட்டிட்டேன். நனஞ்சா இப்பிடி அகலத்துல ஊறி, ஓரம் பேந்துருது. தாளத் திருப்பி வெட்டிப் பாப்பமா?"

பசை சரியில்லை என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். என் வேலை அந்தரத்தில் நிற்கும்போது, தப்பு என்னுடையது என்று என் வாயில் வந்திருக்காது.

தாளைத் திருப்பி வெட்டினாள். பத்து ஷீட் அடித்து, அந்த ஊர் வெயிலில் காயவைத்தோம். 12.30க்கு இரண்டாவது பாட்டில் வாளிக்குள் போனது. அவள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏ மாரி, நீ மொறைக்கிற மொறைப்புல ஒட்டுனதும் உரிஞ்சுரும். போ அங்கிட்டு" என்று விரட்டினார் அண்ணாச்சி. பிறகு அவரே வந்து எட்டிப் பார்த்தார்.

4.30. பாட்டிலைத் தூக்கினோம். ஓரம் அசையவில்லை. மிச்சம் ஒரு சோதனைதான்: நுரை வழிந்தாலும் மை கலையக் கூடாது. அண்ணாச்சி மெஷின் ஸ்பேனரால் மூடியை நெம்பினார். நுரை புஸ்ஸென்று பொங்கி லேபிள் மேலேயே வழிந்தது. முத்துமாரி சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். தலைப்பில் லேபிளின் சிவப்பு மை துளியும் இல்லை.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். தேன் நிறம். முதலில் ஆரஞ்சுத் தோல் மணம், அடுத்து மல்லி விதை, நடு நாக்கில் ஒரு கசப்பு, விழுங்கியபின் நீராகாரத்தின் இளம்புளிப்பு. நன்றாக இருந்தது, 520 ரூபாய்க்கு நன்றாக இருக்கத்தான் வேண்டும். அண்ணாச்சி ஒரு மடக்கு குடித்துவிட்டு, "கசாயத்துக்கு மினுக்குத் தாள் சுத்துன மாதிரி இருக்கு" என்றார்.

முத்துமாரி டம்ளரை வாங்கவில்லை. "வேண்டாங்க்கா. எங்க வீட்டுக்காரரு குடிச்ச குடியில நான் பட்டது போதும்." ஆனாலும் மோந்து பார்த்தாள். "மல்லி வாடை அடிக்குது. அவரு மேல அடிச்சது வேற நாத்தம்."

5.20. நான் அனுப்பிய படங்களுக்கு பெல்ஜியத்து மகளிடமிருந்து பதில் வந்தது. முதல் தவணையாக இருபதாயிரம் லேபிள். வாய்விட்டுப் படித்தேன். முத்துமாரி மெஷின் மேல் கையை ஊன்றி அப்படியே நின்றாள். அண்ணாச்சி, "திங்கக்கெழம எட்டரைக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது.

6.00. பஸ் நிறுத்தத்துக்கு அவளும் கூட வந்தாள். சென்னையில் நான் நான்கு வேலைகளை விட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம், ஒரு கேக், பரிசாக ஒரு கைக்கடிகாரம். முத்துமாரி போனை எடுத்துப் பட்டாசு ஆலை வேன் டிரைவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, முத்துமாரி பேசுதேன். திங்கக்கெழம நம்ம தெருவுல வண்டிய நிப்பாட்ட வேண்டாம்... இல்லண்ணே, மேலுக்கு ஒண்ணுமில்ல. லேபிள் கம்பெனியில வேல போட்டுட்டாக. இனிமே வரலண்ணே."

எதிர்முனையில் அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"நல்லாரு தாயி. திரும்ப வந்துராத."