தட்டில் விழாத சாப்பாடு

என் ஓரகத்திக்கு வீட்டில் வைத்த பெயர் பம்பரம். சமையல், துவையல் என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். அவள் உட்கார்வது தையல் மெஷின் முன்னால் மட்டும்தான். ஆறு மாதமாக அதற்கும் வந்தது கேடு. இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. கண் டாக்டரோ, சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்றுவிட்டார். மாத்திரையைக் கூட்டியும் அது இறங்குவேனா என்றது.

"நான் என்னக்கா திங்கறேன்? மத்தியானம் ஒரு கை சோறு. காத்தைக் குடிச்சா சர்க்கரை ஏறுமா?"

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன்.

"தட்டுல போட்டுத் திங்காத எதுவும் இன்னிக்கு வாய்க்குப் போகக் கூடாது. இதுல போடு."

"உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று முனகிக்கொண்டே போட்டாள். மகன் கடித்து வைத்த ஜாம் ரொட்டி, மகள் வேண்டாமென்ற அரை வாழைப்பழம், புருஷன் தட்டில் மிஞ்சிய வறுத்த உருளைக்கிழங்கு, பானையடியில் சுரண்டிய சோறு. மூன்று மணிக்குள் கிண்ணம் தளும்பியது.

"இதெல்லாம் சாப்பாடாக்கா? வீணாப் போற மிச்சம்."

"அது உன் வயித்துக்குத் தெரியுமாடி? வாசல்ல ஒரு குப்பைத்தொட்டி இருக்கு. நீ எதுக்கு இன்னொண்ணு?"

கொழுந்தன் சிரித்தார். "நல்லாக் கேளுங்க அண்ணி."

"நீங்க சிரிக்காதீங்க. இதுல பாதி உங்க உருளைக்கிழங்கு."

சிரிப்பு நின்றது.

மறுநாளிலிருந்து உலையில் ஒரு பிடி அரிசி குறைந்தது. அவரவர் தட்டை அவரவர் காலி செய்ய வேண்டும். அவளுக்கும் ஒரு தட்டு: பாதிக்குக் காய், ஒரு முட்டை, கொஞ்சம் சோறு. அதைவிடக் கஷ்டம் அவளை உட்கார வைப்பது. முதல் நாள் நாலு தடவை எழுந்தாள். தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்குக்கா."

"இருக்கட்டும். மெல்லு."

இரண்டு மாதம் கழித்து சர்க்கரை ரிப்போர்ட்டோடு கண் டாக்டரிடம் போனோம். உள்ளே கூப்பிடும்வரை வராந்தாவை நடந்தே தேய்த்தாள். டாக்டர் பார்த்தார், தலையாட்டினார், வலது கண்ணுக்குத் தேதி எழுதத் தொடங்கினார்.

அவர் தாளிலிருந்து பேனாவை எடுக்கக்கூட இல்லை, அதற்குள் இவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இடதுக்கு எப்போ டாக்டர்?"