படத்தின் பின்பக்கம் எழுதிய பெயர்

சலவைக் கூடத்திற்கு அந்தச் சேதி மூன்று வாய் மாறி வந்தது. துணி வண்டிக்காரரின் மச்சினி படக் கண்காட்சியில் தரை துடைப்பவள். அவள் வண்டிக்காரரிடம் சொல்லி, அவர் துவைக்கும் இயந்திரத்தருகே நிற்கும் சுருட்டைமுடிக்காரியிடம் சொல்லி, இங்கே வந்து விழுந்தபோது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தன.

"மடிப்பக்கா, கேட்டீங்களா கூத்தை? ஒரு பொம்பளை பொட்டுத் துணி இல்லாம முதுகைக் காட்டிட்டு நிக்கிறாளாம். சுவரை அடைச்ச மாதிரி படம்! கீழே 'மடிப்பக்கா'ன்னு எழுதியிருக்காம்."

"என் பேரா?"

"பின்னே என் பேரா? ஆனா நம்மளை எவன் எடுப்பான்? கேமராவே கண்ணை மூடிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பக்காவும் சிரித்து வைத்தாள். மடித்து முடித்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி மேசை முன்னால் நிற்பவள். அவள் மடித்த விரிப்பை அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. கணவன் போனபின் ஒரே மகளை ஆளாக்கி, போன வருடம்தான் கட்டிக்கொடுத்தாள்.

புகைப்படக்கார அம்மாள் தன் பின்னணித் திரைகளை இஸ்திரிக்குக் கொண்டுவருகிறவள். "நாள் முழுக்க நிக்கிறீங்களே, எனக்கு ஒரு படத்துக்கு நிப்பீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். எந்த மாதிரிப் படம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மடிப்பக்கா மூன்று வாரம் தூக்கம் கெட்டு, சரி என்றாள். முகம் தெரியக் கூடாது என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அந்த வேலைக்கும் ஒழுங்குமுறை இருந்தது. இரண்டு மணி நேரம் முன்பே தொளதொள அங்கியில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் துணி இறுக்கிய தடம் தோலில் விழும். கதவுக்கு உள்தாழ்ப்பாள். காலடியில் ஹீட்டர். அங்கி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். அம்மாள் தொடவே மாட்டாள். "தோளைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம்" என்று வாயால்தான் திருத்துவாள். நடுவில் பழங்கதை சொல்வாள். கேமரா வந்த புதிதில் நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டுமாம். இந்த மாதிரிப் படங்களைப் போலீசுக்குப் பயந்து, 'ஓவியர்கள் பார்த்து வரையத்தான்' என்று சொல்லி விற்பார்களாம்.

"எடுத்தவங்க பேரு புஸ்தகத்துல இருக்கு. நின்ன பொம்பளைங்க பேருதான் பெரும்பாலும் இல்லை. 'பெயர் தெரியாத பெண்'. அவ்வளவுதான்."

மடிப்பக்காவுக்கு அது நெஞ்சில் தைத்தது. எத்தனை பேர், எந்த வீட்டு மகளோ! அச்சடித்த படத்தை அம்மாள் காட்டியபோது, தன் முதுகைத் தானே முதல்முறை பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். படத்தின் பின்பக்கம், யாரும் பார்க்காத இடம்தானே என்று, தன் பெயரை எழுதினாள்.

அந்தப் பெயர் இப்போது சுவரில் நிற்கிறது. மகள் காலையில்தான் சொன்னாள்: "நாலு மணிக்கு ஆபீஸ்ல எல்லாரும் அந்தக் கண்காட்சிக்குப் போறோம்மா. அத்தையும் வர்றாங்க." அத்தை என்றால் மாமியார். பெயர் இல்லாவிட்டாலாவது தப்பலாம். ஞாயிறுதோறும் அந்த முதுகுக்குத் தைலம் தேய்ப்பவள் மகள். பெயரையும் பார்த்துவிட்டால் வேறென்ன சாட்சி வேண்டும்?

மூன்றரைக்கு அம்மாளைப் போனில் கூப்பிட்டு, பெயரைப் பற்றிக் கேட்டாள்.

"அய்யோ, பின்னாடி இருந்ததைத்தான் போட்டேன். ஆசையா எழுதியிருக்கீங்கன்னு நெனைச்சேன்மா. கேட்டிருக்கணும், தப்பு என்னோடதுதான். சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன். 'பெயர் தெரியாத பெண்'னு போட்டுடவா?"

'போடுங்க' என்ற ஒரு சொல்தான். சொன்னால் முடிந்தது.

"கொஞ்சம் இருங்க. நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

கடிகாரம் மூன்றே முக்கால், மூன்று ஐம்பது என்று நகர்ந்தது. பெயர் இருந்தால் மகளை இழக்க நேரலாம். எடுத்துவிட்டால்? அந்தப் பழங்காலத்துப் பெண்கள் வரிசையாக நின்று தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"அக்கா! கருகற வாசனை!"

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, இஸ்திரிப் பெட்டியைத் தலையணை உறைமேல் வைத்தபடி நின்றிருந்தாள். சட்டென்று தூக்கினாள். பழுப்புத் தடம் பதிந்திருந்தது.

மடித்த விரிப்புகளின் மேல் போன் துடித்தது. மகள். மணி நாலு பத்து. அம்மாளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

"எடுங்கக்கா, பாப்பாதானே?" என்றாள் சுருட்டைமுடிக்காரி.

மடிப்பக்கா கையை நீட்டினாள். கை பாதியிலேயே நின்றது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.