நடந்து ஏறியவர்கள்

அந்தமானின் லாங் ஐலண்டில் மீரான் ஒரு வீட்டைக் கடந்து போனால், அங்கே காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடுவார்கள். அவர் திருப்பம் தாண்டிய பிறகுதான் துணியை எடுப்பார்கள். இது அவருக்கும் தெரியும். அதனால் துறையிலிருந்து வீட்டுக்கு, மரக்கட்டைகள் அடுக்கிய கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போவார்.

தொண்டிப் பக்கத்து ஆள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கப்பலேறி வந்தார். டொங்கி ஓட்டும் வேலை. எஞ்சின் வைத்த சின்னப் படகுக்குத் தீவில் அதுதான் பெயர். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் பீப்பாய், புதிதாக வரும் வாத்தியார், எல்லாம் அதில்தான். நோயாளிகளும் அதில்தான் போக வேண்டும். தீவில் கம்பவுண்டர் ஒருவர் உண்டு. டாக்டர் இருப்பது எதிர்த் தீவில், ரங்கத் என்ற ஊரில். கடலைக் கடந்து ஏரட்டா ஓடைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் சதுப்புக் காடு நெருங்கி வரும். தண்ணீர் வற்றினால் வழியே இல்லை.

அப்படிப் போன நோயாளிகள் பெரும்பாலும் துணி சுற்றியே திரும்பினார்கள்.

"உங்க டொங்கிக்கு என்னமோ இருக்கு பாய்," என்று நேருக்கு நேர் சொன்னவள் பொன்னம்மா. அடுத்த வீட்டுக்காரி. மனதில் பட்டதை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "கெட்ட எண்ணத்துல சொல்லல. எந்த மரத்தை வெட்டிக் கட்டினாங்களோ, அதுல எது குடியிருந்துச்சோ."

மீரானுக்கு மறுக்கத் தோன்றவில்லை. மேலதிகாரிகளைக் கெஞ்சிக் கேட்டு வேறு டொங்கி வாங்கினார். பெயிண்ட் வாசம் போவதற்குள் அதிலும் ஒரு பிணம் வந்தது.

அப்போது பேச்சு படகிலிருந்து இறங்கி அவர் மேல் ஏறியது. சுக்கான் பிடிக்கிற கை சரியில்லை என்றார்கள். டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருந்தது. கடைசியில் அவரே போய், நோயாளி ஏறும் நாளில் சண்முகம் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டார். சண்முகம் பொன்னம்மாவின் புருஷன். கடலூர்க்காரன். வாய் நிறையச் சிரிப்பவன். அவன் ஓட்டிய முதல் தடவையே, ஓடை வாயில், ஒரு கிழவரின் மூச்சு நின்றுபோனது.

"ஓடைக்குள்ள சத்தம் கேக்குது பாய்," என்றான் திரும்பி வந்து. "நெட்டி முறிக்கிற மாதிரி. ரெண்டு கரையிலயும்."

"அது எறால்ல ஒரு வகை. சேத்துக்குள்ள இருந்து சொடுக்கும்."

"எறாலு யாருக்கு பாய் திருஷ்டி கழிக்குது?"

டொங்கி போய், மீரான் போய், இப்போது ஓடை. ஓடை பேர் சொல்லிக் கூப்பிடுகிறது, நினைவு தப்பிக் கிடப்பவன் தெரியாமல் 'உம்' கொட்டிவிடுகிறான் என்று ஒரு கதை கிளம்பியது. அதோடு மீரான் மறுபடியும் சுக்கானுக்கு வந்தார். ஆனால் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

தீவில் ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சல் என்றால் முதலில் கம்பவுண்டரின் மிக்சர். பிறகு மந்திரித்த கயிறு. பிறகு வேண்டுதல். பெற்றவளைப் பார்த்து யாரென்று கேட்கும் நிலை வந்த பிறகே டொங்கிக்குச் சொல்லியனுப்புவார்கள். ஏறினால் சாவு என்று ஆன பிறகு, முடிந்தவரை தள்ளிப்போடுவதுதானே பாசம்.

மரம் வெட்ட வந்த, தமிழ் தெரியாத ராஞ்சிக்காரன் ஒருவனுக்கு இந்தப் பேச்சு எதுவும் எட்டவில்லை. உடம்பு சுட ஆரம்பித்த அன்றே, அரிசி ஏற்றக் கிளம்பிய டொங்கியில் வந்து குந்தினான். "பீமார் ஹூம், லே சலோ," என்றான், உடம்பு சரியில்லை, கூட்டிப் போ என்று. ஓடை நெடுகப் பீடி பிடித்துக்கொண்டே போனான். சில நாளில் திரும்பி வந்து கோடாலியைத் தூக்கினான்.

"ராஞ்சிக்காரன் பேரு ஓடைக்கு வாயில நுழைஞ்சிருக்காது," என்றான் சண்முகம். டீக்கடை சிரித்து ஒப்புக்கொண்டது.

மீரான் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். டொங்கி மாறவில்லை. கை மாறவில்லை. ஓடையும் மாறவில்லை. அவன் ஏறிய நாள்தான் வேறு.

"டொங்கியில ஏறாம வீட்டுலயே செத்தவங்களும் இருக்காங்கள்ல," என்றார். "அதுக்கு வீட்டையா குத்தம் சொன்னோம்? கல்யாணக் கோஷ்டி பாட்டுப் பாடிக்கிட்டு அதே ஓடையில போச்சே, யாருக்கு என்ன ஆச்சு? சாகுற நேரம் பாத்துக் கொண்டாந்து ஏத்துறீங்க. ஜல்தி ஏத்துங்கப்பா."

தன் கைக்கு நியாயம் தேடுகிறார் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

மழைக்காலத்தில் அவருடைய மனைவி பஷீராவுக்குக் காய்ச்சல் வந்தது.

"காலையில தண்ணி ஏறும். ரங்கத்துக்குப் போயிருவோம்," என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க டொங்கியில நான் ஏற மாட்டேன்."

கல்யாணமானதிலிருந்து அவள் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஊர் நம்பியதை அவளும் நம்பியிருக்கிறாள். நம்பிக்கொண்டே அந்தக் கைக்குச் சோறு போட்டிருக்கிறாள். மீரான் அவள் முதுகுப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"நான் யாருன்னு இப்ப உனக்குத் தெரியுதுல்ல?"

"தெரியாம என்ன."

"தெரியுறப்பவே வா. தெரியாமப் போனப்புறம் நான் கூட்டிட்டுப் போறதுல ஒண்ணுமில்ல."

"மவுத்தாப் போயிட்டா?"

"என் கைதான்னு நானே ஊருக்குச் சொல்லிர்றேன்."

காலையில் அவள் எழுந்து முக்காடு போட்டுக்கொண்டாள். துறை வரை நடந்தாள். பின்னால் பொன்னம்மா வாயைப் பொத்தி அழுதபடியே வந்தாள், இப்போதே எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி. பஷீரா பலகையைப் பிடித்து, தானே ஏறி உட்கார்ந்தாள்.

ஓடைக்குள் எஞ்சின் சத்தம் சுருங்கியது. தீவுக்காரர் ஒருவர் நோயோடு அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. எப்போதும் கட்டிலில் மல்லாந்த முகம்தான். இரண்டு கரையும் நெட்டி முறித்தன. தண்ணீர் மட்டத்தில் ஒரு முதலையின் இரண்டு கண்கள் கொஞ்ச தூரம் கூடவே வந்து அமிழ்ந்தன.

"கூப்பிடுதா?" என்று கேட்டார். கேட்ட பிறகே, இத்தனை காலமும் தானும் காது கொடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம் என்பது புரிந்தது.

"தாகமா இருக்கு," என்றாள் அவள்.

அவள் மெலிந்து திரும்பி வந்த நாளில் துறையில் கூட்டம் கூடிவிட்டது. பெண்கள் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார்கள். பொன்னம்மா குனிந்து கணுக்காலைத் தொட்டே பார்த்தாள்.

"இருக்கு," என்றாள் மற்றவர்களிடம்.

என்ன செய்தீர்கள் என்று துளைத்தார்கள். "நாள் கடத்தாமப் போனோம். வேற ஒண்ணுமில்ல," என்றார் மீரான். அவ்வளவு சின்னக் காரணத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பொன்னம்மாதான் கண்டுபிடித்தாள். பஷீரா தன் காலால் நடந்து ஏறினாள். ராஞ்சிக்காரனும் நடந்துதான் ஏறினான். செத்தவர்கள் அத்தனை பேரும் கட்டிலோடு தூக்கி ஏற்றப்பட்டவர்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. மீரானாலேயே இல்லையென்று சொல்ல முடியவில்லை.

டீக்கடையில் அவர் பக்கத்தில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள்.

அடுத்த மழையில் சண்முகம் படுத்தான். மீரான் அன்றே போய் வாசலில் நின்றார். இந்தத் தடவை யாரும் முகத்தை மூடவில்லை.

"இன்னைக்கே கிளம்புவோம் பொன்னம்மா."

"என்ன அவசரம் பாய்? நேத்து கொல்லை வரைக்கும் நடந்தாரே. நடக்குற வரைக்கும் பயமில்ல. வேணும்னா நடத்திக் கொண்டாந்து ஏத்திடலாம்."

"கால்ல இல்ல பொன்னம்மா விஷயம். நாள்ல இருக்கு."

"நீங்க ஒருத்தரு. பஷீராவை நான் கண்ணால பாத்தேன்."

மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாள், உள்ளே கயிறு மந்திரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு காலையில் ஆள் வந்து சொன்னான், டொங்கியைத் தயாராக வைக்கச் சொல்லி. மீரான் நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் மணலில் வந்துகொண்டிருந்தார்கள். சண்முகம் நடந்து வந்தான். இரண்டு பேர் அவனுடைய கைகளைத் தோளில் போட்டு இழுத்துப் பிடித்திருந்தார்கள். தலை மார்பில் தொங்கியது. கண் திறந்திருந்தது, அது எதையும் பார்க்கவில்லை. கால் விரல்கள் பின்னால் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு வந்தன.

துறைப் பலகை வந்ததும் பொன்னம்மா அவன் முன்னால் மண்டியிட்டாள். ஒரு பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பலகை மேல் வைத்து அழுத்தினாள். பிறகு மற்றதை.

"அப்படித்தான். இன்னொரு அடி. அப்படித்தான்."

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால்களைப் பார்த்தது. விளிம்பு தாண்டியதும் அவள் முகத்தை உயர்த்தினாள். வியர்வையோடு சிரித்தாள்.

"பாத்தீங்கள்ல பாய், நடந்தே ஏறிட்டாரு."

தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. மீரான் கயிற்றை அவிழ்த்தார்.