காணாமல் போன நீல்ஸும் சந்தேகப்பட்ட நாங்களும்

செத்தவையைத் தேடுற வேலையிலை ஒரு வசதி இருக்கு, அவை ஓடமாட்டினம். ஒரு கரைச்சலும் இருக்கு, கேட்டால் உண்மை சொல்லமாட்டினம். டென்மார்க்குக்கு வந்த புதுசிலை, எண்பத்தைஞ்சு எண்பத்தாறிலை, நான் அந்த வேலைதான் செய்தனான். எங்கடை ஆக்கள் எல்லாரும் இறைச்சி வெட்டவும் துணி தைக்கவும் போக, நான் ஹேர்னிங்குக்குக் கிட்ட ஒரு சின்ன ஊர் லைப்ரரிக்குக் கீழை, நிலக்கீழ் அறையிலை இருந்து, நூற்றம்பது வருசத்துக்கு முந்தின அமெரிக்கக் குடிசன மதிப்புத் தாளுகளை பிலிமிலை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன். பிறந்த திகதியை மூண்டு பேருக்கு மூண்டு தரம் சொல்லி, கடைசியிலை அது சரிதானோ எண்டு உங்களுக்கே சந்தேகம் வந்திருந்தால் நீங்களும் என்ரை கட்சிதான். அங்கை டெனிஷ்காரர் கதைச்சதை எல்லாம் என்ரை தமிழிலை தாறன்.

முதல் நாள்

ஆறு மாதப் பயிற்சி வேலை எண்டு, எங்கடை நகரசபை மாதிரியான கொம்யூன்தான் என்னை அங்கை அனுப்பினது. ஏனெண்டால் நான் யாழ்ப்பாணக் கச்சேரியிலை கிளாக்கராய் இருந்தனான். பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்க அதிபற்றை கந்தோர். வெள்ளைக்காரன் காலத்துக் காணிப் பதிவுகளோடை கிடந்து, கோழி கிளறின மாதிரி எழுதின இங்கிலிஷையும் நான் வாசிப்பன். அறைக்குப் பொறுப்பாயிருந்தவ இங்கர், அறுபத்தொரு வயசு. பழைய டெனிஷ் எழுத்திலை அவவை ஒருத்தரும் அசைக்கேலாது, ஆனால் பழைய இங்கிலிஷ் எழுத்தைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றி மேசையிலை வைச்சிடுவா.

முதல் வந்த ஆள் ஹான்ஸ், பால் லொறி ஓடி ஓய்வெடுத்த மனிசன். தன்ரை பூட்டன் நீல்ஸை எட்டு வருசமாத் தேடுறார். நீல்ஸ் கப்பல் தச்சன். 1838இலை மனிசி மாரெனையும் ரெண்டு வயசு மகனையும் விட்டிட்டு அமெரிக்காவுக்குப் போனவர். நியூயோர்க் பக்கத்து ஆற்றங்கரை ஊர் ஒண்டிலையிருந்து ரெண்டு கடிதம் வந்தது. ரெண்டிலையும் ஒரே கதை, அடுத்த வசந்தத்துக்கு உங்களைக் கூப்பிடுறன் எண்டு. அதோடை சரி. ஆள் செத்தாரோ, குடும்பத்தைக் கைவிட்டாரோ எண்டு இண்டைக்கும் ஹான்ஸ் வீட்டிலை ரெண்டு கட்சி. இவர்தான் இனித் தேடப்போறார் எண்டு இங்கர் என்னைக் காட்ட, மனிசன் என்னை உச்சியிலையிருந்து சப்பாத்து மட்டும் பார்த்தார். "நான் காணாமல் போன ஒருத்தனைத் தேடித் தாங்கோ எண்டு கேட்டால், நீங்கள் காணாமல் போன இன்னொருத்தனைக் கொண்டந்து நிப்பாட்டுறியளே!"

பேரில்லாத பொம்பிளை

1840ஆம் ஆண்டுத் தாள் இருக்கே, அது ஒரு விசர்த் தாள். வீட்டுத் தலைவன்ரை பேர் மட்டும்தான் எழுதுவினம். மிச்ச ஆக்களுக்குப் பேரும் இல்லை, முறையும் இல்லை. வயசுப் பெட்டியள் இருக்கும், ஆள் இருந்தால் பெட்டிக்குள்ளை ஒரு கோடு மாதிரி ஒண்டு. அவ்வளவுதான் ஒரு மனிசற்றை சீவியம். மூண்டு கிழமை உருட்டி, கண் ரெண்டும் வீங்கி, நீல்ஸை அந்த ஆற்றங்கரை ஊரிலையே பிடிச்சன். இருபதுக்கும் முப்பதுக்கும் இடையிலை ஆண் ஒண்டு, அது சரி. அதே வயசுப் பெட்டியிலை பெண் ஒண்டு. அஞ்சு வயசுக்குக் கீழை பெண் ஒண்டு.

ஊரிலை எத்தினை வீட்டுக் காணி வழக்குப் பார்த்த ஆள் நான், எனக்கு அந்த ரெண்டு கோட்டையும் கண்டவுடனை விளங்கிட்டுது. ஹான்ஸ் திரைக்குக் கிட்டப் போய் நிண்டு கனநேரம் பார்த்தார். வேலைக்காரியாயிருக்கும் எண்டார். அப்ப அந்தச் சின்னன் எண்டு இங்கர் மெல்லக் கேட்டா. ஹான்ஸின்ரை முகம் செக்கச் செவேல் எண்டு சிவந்திட்டுது. "ஏன், வேலைக்காரியெண்டால் பிள்ளை பெறக்கூடாதோ?"

நாய்

1850ஆம் ஆண்டுத் தாளிலை எல்லாற்றை பேரும் இருக்கு. அதிலை அதே ஊரிலை ஒரு நீல்ஸ், கப்பல் தச்சன், மனிசி கத்தரீன் அயர்லாந்துக்காரி, பத்து வயசிலை ஒரு மகள், அவளின்ரை பேரிலை மை கொட்டுண்டு கிடக்கு. பிறந்த நாடு எண்ட இடத்திலை ஜேர்மனி எண்டு எழுதியிருந்தது. ஹான்ஸுக்குத் தலைகால் தெரியாத புளுகம். அப்ப இது எங்கடை ஆளில்லை எண்டு மேசையிலை தட்டினார்.

நான்தான் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. ஊரிலை குடிசன மதிப்பு எடுக்க என்னையும் அனுப்பினவை. ஒரு ஒழுங்கையிலை நாலு வீட்டிலை கடிநாய். நான் என்ன செய்யிறது, உயிர் பெரிசோ தாள் பெரிசோ? பக்கத்து வீட்டுக் கதிரையிலை இருந்து, தேத்தண்ணியும் குடிச்சு, அந்த மனிசியிட்டையே மற்ற நாலு வீட்டுக்காற்றை வயசையும் பிறந்த இடத்தையும் கேட்டு எழுதிக் குடுத்திட்டன். அவவுக்குக் கோவமான வீட்டுக்காரிக்கு ஆறு வயசு கூடிப்போச்சுது. அமெரிக்காவிலையும் நாய் இருந்திருக்கும்தானே. பக்கத்து வீட்டு மனிசிக்கு டென்மார்க் எது ஜேர்மனி எது எண்டு என்னெண்டு தெரியும்? இங்கர் பேனையை வைச்சிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "முப்பது வருசமா இந்தத் தாளுகளை நம்பித்தான் நான் சம்பளம் எடுக்கிறன், இதை நீர் முதலே சொல்லியிருக்கக் கூடாதோ?"

யோகண்ணையின்ரை தீர்ப்பு

இனி என்ரை கதைக்கு வாறன். என்ரை மனிசி பவளமும் மகள் சுதாவும் அப்ப கொழும்பிலை ஒரு லொட்ஜ் அறையிலை. அவையைக் கூப்பிட நான் விண்ணப்பம் போட்டு ஒரு வருசம் தாண்டிட்டுது. எல்லாம் மகளின்ரை பிறந்த திகதியாலை வந்த வினை. பிள்ளை பிறந்த கையோடை ஊரடங்கு, உடனை பதிய ஏலேல்லை. பிந்திப் போனால் சத்தியக் கடதாசி அது இது எண்டு அலைச்சல். பதிவுகாரர் நல்ல மனிசன், எங்களுக்கு அலைச்சல் வேண்டாம் எண்டு பிறந்த நாளை முப்பத்தைஞ்சு நாள் தள்ளி எழுதிவிட்டார். நானோ இஞ்சை வந்து உண்மையான நாளைச் சொல்லிப்போட்டன். சேர்ட்டிபிக்கட்டிலை ஒண்டு, என்ரை வாயிலை ஒண்டு. இது உம்முடைய பிள்ளைதான் எண்டதை உறுதிப்படுத்தவும் எண்டு கடிதம் வந்திட்டுது. அதை வாசிச்சிட்டு நான் குசினிக்குள்ளை போய் நிண்டு அழுதனான், சொல்ல என்ன வெக்கம்?

அதே கிழமை பவளத்தின்ரை கடிதம். லொட்ஜிலை இருக்கிற பொம்பிளையள், அவர் அங்கை ஒரு வெள்ளைக்காரியைச் சேர்த்திட்டார் எண்டு சொல்லினமாம். தான் நம்பேல்லையாம். ஆனால் உண்மையிலை விண்ணப்பம் போட்டனீங்களோ, போட்டால் ரசீதுத் துண்டு ஒண்டும் இல்லையோ எண்டு கேட்டு எழுதியிருந்தா. என்னோடை அறையிலை இருந்தவர் யோகண்ணை, துணித் தொழிற்சாலையிலை வேலை. நீல்ஸுக்கு 1850ஆம் ஆண்டுத் தாளிலை முப்பத்துநாலு வயசு, 1860ஆம் ஆண்டுத் தாளிலை முப்பத்தொன்பது, அதுக்கே இஞ்சை ஒருத்தரும் முகம் சுழிக்கேல்லை எண்டு நான் சொல்லிக் குமுறினன். யோகண்ணை சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "செத்தவன்ரை கணக்கிலை அஞ்சு வருசம் பிழைச்சால் அது ஆராய்ச்சியடா தம்பி, உயிரோடை இருக்கிற பிள்ளையிலை முப்பத்தைஞ்சு நாள் பிழைச்சால் அது களவு."

மாரென்

அந்த 1860ஆம் ஆண்டுத் தாள்தான் எல்லாத்தையும் உடைச்சது. பிறந்த நாடு டென்மார்க். தொழில் கப்பல் தச்சன். மனிசி அதே கத்தரீன். மகளின்ரை பேர் மை படாமல், வடிவா, மாரென்.

நான் சந்தோசத்திலை துள்ளினன், ஆள் அம்பிட்டிட்டார் எண்டு. இங்கரின்ரை முகம் விழுந்து போச்சுது. பிறகுதான் விளங்கப்படுத்தினா. அந்தக் காலத்திலை இஞ்சத்தை ஆக்களிட்டை ஒரு வழக்கம்: முதல் மனிசி செத்து மறுதாரம் கட்டினால், பிறக்கிற முதல் பெண் பிள்ளைக்குச் செத்தவவின்ரை பேரை வைப்பினம். மரியாதைக்கு. அப்ப நீல்ஸ் அங்கை போய், என்ரை மனிசி செத்துப் போனா எண்டு சொல்லித்தான் கலியாணம் கட்டியிருக்கிறார். இஞ்சை மாரென் உயிரோடை, மகனையும் வைச்சுக்கொண்டு, ஒவ்வொரு வசந்தத்துக்கும் வாசல் படலையிலை காத்து நிண்டவவாம். ஹான்ஸ் வீட்டிலை அதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தவை.

ஹான்ஸ் கதிரையிலை இருந்தபடி நிலத்தைப் பார்த்தார். பேந்து தலையை நிமித்தி நேரே என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வையை நான் இண்டைக்கும் மறக்கேல்லை. "நீரும் ஒரு மனிசியையும் பிள்ளையையும் விட்டிட்டு வந்த ஆள்தானே, அவவுக்கு நீர் என்னெண்டு எழுதிறனீர், அடுத்த வசந்தம் எண்டோ?"

அப்பிடித்தான் எழுதியிருந்தனான். பங்குனி சித்திரைக்குள்ளை எண்டு.

விசாரணை

குடிவரவுப் பகுதியிலையிருந்து ரெண்டாந்தரம் விசாரணைக்குக் கடிதம் வர, ஹான்ஸ் தன்ரை காரிலை கூட்டிக்கொண்டு போறன் எண்டு நிண்டார். உதவிக்கு எண்டு நினைச்சியளோ? நான் உண்மையிலை விண்ணப்பம் போட்டனானோ எண்டு தன்ரை கண்ணாலை பார்க்கத்தான். வாசல் வாங்கிலை தொப்பியை மடியிலை வைச்சுக்கொண்டு காவல் இருந்தார். இங்கர் ஒரு கடிதம் தந்து விட்டவ, பிந்திப் பதிஞ்ச பிறப்புகளிலை நாள் மாறுறது உலக வழமை எண்டு.

உள்ளை இருந்த அதிகாரி திகதியைப் பற்றி மூச்சே விடேல்லை. பிள்ளை பிறந்த அண்டைக்கு நடந்ததைச் சொல்லும் எண்டார். சொன்னன். பவளத்துக்குப் பிரசவ நோ எடுத்தவுடனை நான் சைக்கிளிலை ஓடிப்போய் மருத்துவிச்சியைப் பாரிலை இருத்திக் கூட்டிவந்தது, வெந்நீர் வைச்சது, அடுப்பு புகைஞ்சது, பிள்ளையை முதல் என்ரை கையிலை தந்தது. அவர் ஒரு தாளைப் பிரட்டினார். பவளத்தைக் கொழும்பிலை கூப்பிட்டு இதே கேள்வி கேட்டிருக்கினம். அவ மருத்துவிச்சி நடந்து வந்தவ எண்டு சொல்லியிருக்கிறா. முடிஞ்சுது கதை எண்டு நினைச்சன். ஒழுங்கை முகப்பிலை ரயர் காத்துப் போய் மிச்சத் தூரம் நடந்தனாங்கள் ஐயா, அவ படுத்திருந்தவ, நடந்து வந்ததைத்தான் கண்டிருப்பா எண்டு தட்டுத் தடுமாறிச் சொன்னன். மனிசன் முதல் தரம் சிரிச்சார். "ரெண்டு பேரும் சொல்லுக்குச் சொல்லு ஒரே மாதிரிச் சொல்லியிருந்தால், இருந்து பாடமாக்கினது எண்டு நான் இந்தக் கோப்பை மூடியிருப்பன்."

மற்ற அலுமாரி

பங்குனிக் கடைசியிலை பவளமும் சுதாவும் வந்து சேர்ந்திச்சினம். ஹேர்னிங் ஸ்ரேசனிலை ஹான்ஸும் இங்கரும் சின்னச் சின்ன டெனிஷ் கொடியோடை நிண்டவை. இங்கர் என்னைக் கட்டிப்பிடிச்சு வாழ்த்த, பவளம் அவவைத் தலைமயிரிலையிருந்து கால்நகம் மட்டும் அளந்து, வயசைக் கணிச்சு, பிறகுதான் சிரிச்சா. வீட்டுக்கு வந்து அலுமாரி, குளிக்கிற அறைத் தட்டு எல்லாம் திறந்து பார்த்தா. யோகண்ணையின்ரை சவர அலகைத் தவிர ஒண்டும் அம்பிடேல்லை.

அடுத்த கிழமை அவவை வேலை இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஹான்ஸ் நீல்ஸின்ரை ரெண்டு கடிதத்தையும் விரிச்சு, முழுக் கதையையும் சொன்னார், நான் தமிழிலை சொன்னன். பவளம் எல்லாத்தையும் கேட்டிட்டு, எங்களிலை ஒருத்தருக்கும் எட்டு வருசமாய்த் தோன்றாத ஒரு கேள்வி கேட்டா: அந்த மாரென் பிள்ளையோடை என்னத்தைத் திண்டு சீவிச்சவ?

ஹான்ஸுக்குத் தெரியாது. போனவனைத் தேடின மனிசன் இருந்தவவை ஒரு நாளும் தேடேல்லை. டென்மார்க்குக் குடிசன மதிப்பு எங்களுக்குப் பின்னாலை, மற்ற அலுமாரியிலை சும்மா கிடக்கு. இங்கருக்குப் பத்து நிமிசம் போதும். 1840: மாரென், கலியாணமானவ, புருசன் அமெரிக்காவிலை, காலுறை பின்னிச் சீவியம். 1845: அதேதான். 1850: மாரென், விதவை, சொந்தமாய்ப் பின்னல் யாவாரம், உதவிக்கு ரெண்டு பெட்டையள். நீல்ஸ் செத்ததுக்குச் சேர்ச்சிலை ஒரு பதிவும் இல்லை, அவவாத்தான் வாயாலை சொல்லியிருக்கிறா எண்டு இங்கர் சொன்னா. ஹான்ஸ் முதல் வாயைப் பிளந்தார், பிறகு கண்ணீர் வரச் சிரிச்சார். படலையும் பொய், காத்திருந்ததும் பொய். பவளம் அந்த விதவை எண்ட சொல்லு எங்கை எழுதியிருக்கு எண்டு கேட்டு, அதிலை விரலை வைச்சு, வடிவாப் பார்த்தா. பிறகு சுதாவைத் தூக்கி இடுப்பிலை வைச்சுக்கொண்டு என்னட்டைத் திரும்பினா. "பன்னிரண்டு வருசம் பொறுத்திருக்கிறா, பாவம், நான் இந்தச் சித்திரை மட்டும் எண்டுதான் மனசிலை வைச்சிருந்தனான்."

ஆகமொத்தம், அந்த ஆறு மாதமும் என்னைச் சந்தேகப்படாத ஒரே ஆள் நீல்ஸ்தான், அவரும் ஒரு கள்ளன்.