மண்ணுக்குள்ளிருந்து முருகனோடு போட்ட சண்டை

முருகனை நம்பி வாழ்கிற எல்லோருக்கும் வணக்கம். நான் சிவகாமி. குன்னூரில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். போன வருஷம் ஐப்பசியில், சஷ்டி விரதம் இருந்த ஒரு நாளில், உயிரோடு மண்ணுக்குள் புதைந்தேன். இருட்டு. நெஞ்சை அழுத்தும் ஈர மண். கையை அசைக்க முடியவில்லை. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். கணவர் இறந்த பிறகு அவர் பார்த்த கட்டட வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "பொம்பளை கட்டுன ஊட்டுல யாருங்க குடியிருப்பாங்க?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். பிளான் போடுவதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்பது என் வழக்கம். பக்கத்து ஊரான வெலிங்டனில் ஒருவர், படுத்த படுக்கையாக இருந்த தன் மனைவிக்குத் தெருவில் போகிறவர்கள் தெரிய வேண்டும் என்றார். அந்த ஜன்னலைக் கட்டில் உயரத்துக்கு இறக்கி வைத்தேன். இப்படி ஒவ்வொரு வீடும் அந்த வீட்டு மனிதர்களிடமிருந்துதான் எனக்குக் கிடைத்தது.

அப்படித்தான் புஷ்பம்மாவைச் சந்தித்தேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பெற்றோரோடு இங்கே அனுப்பப்பட்டவர். அவரும் கணவர் ராசையாவும் இங்கே ஒரு எஸ்டேட்டில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தார்கள், கவாத்து வெட்டினார்கள். ரிட்டயர் ஆனதும், எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன்கள் சரிவில் ஒரு துண்டு இடம் வாங்கிக் கொடுத்தார்கள்.

"வீட்டுல உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன்.

"யாரும் வந்து காலி பண்ணுன்னு சொல்லாத வீடா இருக்கணும் மகள். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

அதைக் கேட்டபின் எனக்கு வேறு எந்த வேலையிலும் மனது போகவில்லை.

மேட்டை வெட்டி, அது சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தோம். விடாத மழை. ஆட்களுக்கு லீவு சொல்லியிருந்தேன். அன்று காலை கொஞ்சம் வெளுத்தது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறதா பார்க்கலாம் என்று போனேன். புஷ்பம்மாவும் ராசையாவும் வந்திருந்தார்கள். தண்ணீர் வெளியேறச் சுவருக்குள் ஒரு குழாய் பதித்திருந்தோம். அதில் சேறு அடைத்திருந்தது. சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் இறங்கி, குனிந்து, மூங்கில் கம்பால் குத்தினேன்.

மேலே ஏதோ கிழிகிற மாதிரி சத்தம். நிமிர்வதற்குள் தேயிலைச் செடிகளோடு மேடு இறங்கிவிட்டது.

கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சென்ட்ரிங் பலகை என் தலைக்கு மேலே குறுக்கே விழுந்தது. அதனால் முகத்துக்கு முன்னால் ஒரு பொந்து மாதிரி இடம் கிடைத்தது. மார்பு வரை மண். இடது கால் எங்கோ நசுங்கியிருந்தது. கத்தினேன். என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறி ஏறத் தொடங்கியது. கழுத்து வரை வந்தது. தாடையைத் தொட்டது.

நான் அழுது வேண்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"முருகா, இது உன் மலை. உன் மலைதான் என் மேல விழுந்திருக்கு. நீதான் தூக்கணும். எம் புருஷனக் கூட்டிட்டுப் போனே, நான் ஒரு வார்த்தை கேக்கலை. இப்பக் கேக்கறேன். அந்தம்மா ஊட்ட முடிக்காம நான் வர மாட்டேன். நீயே வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்!"

வாய்க்குள் தண்ணீர் போனது. துப்பிவிட்டு மறுபடியும் அதையே சொன்னேன்.

அப்போது முகத்துக்குச் சற்றுக் கீழே கொப்பளிக்கிற சத்தம். குழாயில் இருந்த அடைப்பு பிடுங்கிக்கொண்டது. என்னை மூழ்கடிக்க வந்த தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. தாடையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கியது. பிறகு குழாயின் அந்த முனையில் வட்டமாக வெளிச்சம். குளிர்ந்த காற்று. நான் முருகனைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

வெளியே நான் சரிவோடு அடித்துக்கொண்டு போய்விட்டதாக நினைத்து, சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் எல்லோரும் கீழே தேடிக்கொண்டிருந்தார்களாம். குழாயிலிருந்து திடீரென்று சேற்றுத் தண்ணீர் பீறிட்டதைப் புஷ்பம்மாதான் பார்த்தார். ஓடி வந்து குழாயில் வாயை வைத்தார்.

"மகள்! உசுரோட இருக்கியா?"

"இருக்கேன் புஷ்பம்மா!"

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். மேலே இன்னும் மண் தொங்குகிறது, எல்லோரும் விலகுங்கள் என்றார்கள். மற்றவர்கள் விலகினார்கள். புஷ்பம்மாவின் குரல் மட்டும் குழாய் வழியாகக் கேட்டது.

"சிலோனை விட்டுப் போங்கன்னாங்க, வந்தோம். லைனை விட்டுப் போங்கன்னாங்க, வந்தோம். இந்த இடத்த விட்டு நான் நகர மாட்டேன் தம்பி. நீங்க ஒங்க வேலையப் பாருங்க."

 தீயணைப்பு அதிகாரி, "சரிங்கம்மா, நீங்க அவங்களோட பேசிட்டே இருங்க. தூங்க விட்றாதீங்க" என்றார்.

அவர்கள் மேட்டுக்கு முட்டுக் கொடுத்து, சுவரின் கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். அந்த நேரம் முழுக்கப் புஷ்பம்மா தன் கதையைச் சொன்னார். கப்பலில் அம்மா வாந்தி எடுத்தது, கரை இறங்கியதும் மண்டபம் முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றது, பஸ்ஸில் முதல்முதலாக இந்த மலைக்கு ஏறியது. "விடிஞ்சு பாத்தா அதே மலை, அதே தேயிலை, அதே குளிரு. எங்கம்மா தலையில கைய வச்சு ஒக்காந்து சிரிச்சிச்சு மகள். இதுக்கா கடலத் தாண்டுனோம்னு!" மண்ணுக்குள் இருந்துகொண்டு நானும் சிரித்தேன். கண் சொருகும்போதெல்லாம் அந்தக் குரல் என்னை இழுத்துப் பிடித்தது.

என்னை வெளியே எடுத்ததும் புஷ்பம்மா என் முகத்துச் சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தார். பிறகுதான் அழுதார்.

கோயம்புத்தூரில் காலுக்கு ஆபரேஷன் நடந்தது. இனிமேல் சரிவில் ஏறி இறங்கும் வேலை வேண்டாம் என்றார் டாக்டர். அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனம்மிணி, முருகனே எச்சரிக்கை பண்ணிட்டான். நிறுத்திக்க" என்றார்.

"எச்சரிக்கை பண்ண வந்தவன் எதுக்குண்ணா என்னைய வெளிய எடுத்தான்?" என்று கேட்டேன். 

தை மாதம் ஊன்றுகோலோடு அதே இடத்தில் போய் நின்றேன்.   என்ஜினியரைக் கூட்டி வந்து காட்டி, மேட்டைப் படிப்படியாக வெட்டி, புதுத் தடுப்புச் சுவர் எழுப்பி, வைகாசியில் வீட்டை முடித்தேன். பால் காய்ச்சிய அன்று ராசையா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை.

அடியார்களே, முன்பெல்லாம் பயந்து பயந்து கும்பிடுவேன். கேட்டால் தப்பாகிவிடுமோ என்று பாதியை முழுங்கிவிடுவேன். இப்போது உரிமையோடு கேட்கிறேன், சண்டை போடுகிறேன். உங்கள் மேல் என்ன விழுந்திருக்கிறதோ எனக்குத் தெரியாது. நோயோ, பயமோ, ஊர்ப்பேச்சோ. அடங்கிப் போகாதீர்கள். அவனைக் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நாளைக்கு எமரால்டு என்கிற மலையூரில் ஒரு குடும்பத்துக்கு இடம் பார்க்கப் போகிறேன். அங்கேயும் சரிவுதான். வேண்டாம் என்று அண்ணன் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். நான் போகிறேன்.